பூங்காவா, அரக்கனா?

பொலிடோபியா என்றொரு விளையாட்டு இருக்கிறது. சுவீடன் நாட்டு நிறுவனமொன்று 2016இல் வெளியிட்டது. ஒரே போனைக் கைக்குக் கை மாற்றி மூன்று நான்கு பேர் சேர்ந்து விளையாடலாம் என்பதால் எங்கள் வீட்டில் அது ஒட்டிக்கொண்டது. சிக்னல் வருவதும் போவதுமாய் இருக்கிற வண்ணாத்திவில்லில், டேட்டா இல்லாமல் ஓடுகிற விளையாட்டுக்குத் தனி மதிப்பு. இந்தச் சஞ்சிகையைப் பெற்றோரும் வாசிப்பார்கள் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்: விடுமுறையில் மட்டும்தான், அதுவும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்தான்.

விளையாட்டு இப்படி. கட்டம் கட்டமாக ஒரு நிலம். பெரும்பகுதி மேகத்தால் மூடிக் கிடக்கும். ஆளுக்கொரு தலைநகரம். நட்சத்திரம்தான் காசு. பழம் பறித்து, மீன் பிடித்து, வயல் போட்டு நகரத்தை வளர்க்கலாம். வாளும் கேடயமும் செய்து அடுத்தவர் நகரத்தைப் பிடிக்கவும் செய்யலாம். பலர் விளையாடும்போது வெல்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. எந்த வழி என்பதைத் தொடங்கும் முன்னரே தெரிவு செய்ய வேண்டும். ஒன்றில், முதலில் 10,000 புள்ளி சேர்ப்பவர் வெல்வார். மற்றதில், எல்லாருடைய தலைநகரங்களையும் பிடிப்பவர் வெல்வார்.

தம்பிக்கு இரண்டாவதுதான் வேண்டும். எனக்கும் சாச்சியின் மூத்த மகளுக்கும் முதலாவது. சாச்சியின் மகளை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படிக்கிறா. விளையாட்டிலும் அந்தக் கணக்கு தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு நகரம் ஐந்தாம் படிக்கு வளரும்போது வருகிறது. அப்போது விளையாட்டு கேட்கும்: பூங்கா வேண்டுமா, அரக்கன் வேண்டுமா? பூங்கா எடுத்தால் புள்ளி கிடைக்கும். அரக்கன் எடுத்தால் எதிரில் வருவதையெல்லாம் மிதித்துக்கொண்டு போகிற ஒரு படையாள் கிடைப்பான். தம்பி ஒரு தடவையாவது பூங்கா எடுத்து நான் பார்த்ததில்லை. இன்னொன்றும் உண்டு. ஐந்து சுற்றுகள் யாரையும் தாக்காமல் இருந்தால் சமாதான பீடம் ஒன்று கட்டலாம். பத்து எதிரிகளைக் கொன்றவருக்கும் கட்ட ஒரு சின்னம் உண்டு. ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததற்கும் இன்னொருவர் பத்துப் பேரைக் கொன்றதற்கும் அருகருகே நினைவுச் சின்னம் வைத்தவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், யோசனையும் வரும்.

ராத்தா யாரையும் முதலில் அடிக்க மாட்டா. ஆனால் எல்லையில் இருக்கிற நகரம் மூன்றாம் படிக்கு வந்த உடனே மதில் கட்டிவிடுவா. அங்கே இலவசமாக நட்சத்திரம் தருகிறோம் என்று விளையாட்டு ஆசை காட்டும், மயங்க மாட்டா. தம்பியின் குதிரைப்படை அந்த மதிலில் வந்து மோதி அழிகிற நேரத்தில் அவவுடைய சந்தையும் கோயிலும் பெருகிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் அவதான் வெல்வா.

தம்பி எப்போதும் தெரிவு செய்வது ஊமாஜி என்ற பாலைவனக் கூட்டத்தை. மற்றவர்கள் மீன்பிடியோ வேட்டையோ தெரிந்து தொடங்கும்போது, இவர்கள் குதிரையேற்றத்தோடு தொடங்குவார்கள். பாலைவனத்தார் என்றாலே பாய்ந்து வருபவர்கள் என்று செய்தவர்கள் நினைத்தார்கள் போலும். எங்கள் கரைக்கு வந்த அரபிகள் அப்படி வரவில்லை. அவர்கள் கப்பலில், சரக்கோடு வந்தார்கள். இப்னு பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கியபோது ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியதாம். பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று கேட்டவருக்குப் பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பினார். வெள்ளத்தில் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையில் மேடு மேடாகக் குவிந்து கிடந்ததையும், மலபார்க் கரையார் மன்னருக்குத் துணிமணிகள் கொடுத்துவிட்டு அவற்றை ஏற்றிச் சென்றதையும் அவர் எழுதியிருக்கிறார். அதே மன்னரிடம் பெரிய கப்பற்படை இருந்ததையும் எழுதியிருக்கிறார். ராத்தாவின் மதில் எனக்கு நினைவுக்கு வந்தது இந்த இடத்தில்தான்.

அடுத்து வந்தவர்கள் தம்பியின் கட்சி. 1505இல் லொரென்சோ டி அல்மெய்தா இலங்கைக் கரைக்கு வந்தது கறுவா வாங்குவதற்காக அல்ல. மாலைதீவுப் பக்கமாகப் போகும் முஸ்லிம் வணிகக் கப்பல்களை மறிக்கப் புறப்பட்டவரைக் காற்று இங்கே தள்ளிவிட்டது. பின்னர் போர்த்துக்கேயரின் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல் எதுவும் கடலில் பாதுகாப்பாகப் போக முடியவில்லை. 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னர் செனரத் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார். பீரங்கி வைத்திருந்தவர்கள் ஒன்றரை நூற்றாண்டில் இந்த நாட்டை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்துப் போனார்கள். சரக்கோடு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்.

தம்பியோடு வாதாடும்போது நான் ஹுதைபியாவை எடுத்துப் போடுவேன். ஹிஜ்ரி 6இல் நபி (ஸல்) அவர்களோடு உம்ராவுக்குப் போனவர்கள் ஏறக்குறைய 1,400 பேர். மக்காவுக்குள் விடாமல் தடுத்தார்கள். பத்து வருடம் சண்டை வேண்டாம் என்று உடன்படிக்கை ஆனது. அந்த வருடம் உம்ரா செய்யாமலே திரும்ப வேண்டியிருந்தது. உமர் (ரழி) அவர்களுக்கே அது பெரிய மனவருத்தமாக இருந்தது. ஆனால் சண்டை நின்றதும் மக்கள் பயமில்லாமல் சந்தித்தார்கள், பேசினார்கள். இரண்டே வருடத்தில், ஹிஜ்ரி 8இல் மக்காவுக்குள் நுழைந்தபோது கூட வந்தவர்கள் 10,000 பேர். “அந்த 10,000 பேர் கையிலயும் வாள் இருந்திச்சே” என்பான் தம்பி. அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் அது நீளம். அதற்குள் அவன் என் கிராமத்தில் ஏறி நிற்பான்.

கிராமம் என்றதும் உம்மும்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் யாருக்கும் சொந்தமில்லாத கிராமங்கள் அங்கங்கே கிடக்கும். ஒரு வீரன் போய் நின்று ஒரு சுற்றுக் காத்திருந்தால் போதும், கிராமம் நமதாகிவிடும். சண்டையே இல்லை. இதைத்தான் நானும் ராத்தாவும் சமாதானமாக வளர்வது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உம்மும்மா எட்டிப் பார்த்தா.

“இந்த ஊர்ல ஆக்கள் இல்லையா?”

“இல்ல உம்மும்மா, இது சும்மா கிடக்கிற ஊரு.”

“கூரை தெரியுது, வீடு நிக்குது. ஆக்கள் எங்க போனாங்க?”

உம்மும்மா எருக்கலம்பிட்டியில் பிறந்தவ. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரும், ஏறக்குறைய 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, சிறுபிள்ளையாக இருந்த என் உம்மாவையும் தூக்கிக்கொண்டு தோணியில் கற்பிட்டிக்கு வந்தவ. அவ விட்டு வந்த வீட்டிலும் கூரை இருந்தது. முசலிப் பக்கத்தில் இருபது வருடத்துக்குப் பிறகு திரும்பிப் போனவர்களின் ஊரில் காடு வளர்ந்து கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் அதைக் காடு என்றார்கள். போனவர்கள் எங்கள் ஊர் என்றார்கள். அந்த வழக்கு இன்னும் பலர் வாயில் ஓயவில்லை.

என் வாப்பா புத்தளத்துப் பழைய குடி. ஆகவே நான் இரண்டு பக்கத்துக்கும் சொந்தம். வந்தவர்களுக்குப் பள்ளிவாசலையும் பாடசாலையையும் தென்னந்தோட்டத்தையும் திறந்துவிட்டவர்கள் வாப்பாவின் ஆட்கள். புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு என்று நான்கு பிரிவுகளிலும் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. யாரும் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு கிணற்றில் பத்துக் குடும்பம் அள்ளிய இடத்தில் முப்பது குடும்பம் அள்ளினால் கயிறும் தேயும், முகமும் சுளியும். வகுப்பில் இடம், கூலி வேலை, எல்லாவற்றிலும் அது தெரிந்தது. “அகதி” என்ற சொல்லை உம்மா பாடசாலையில்தான் முதலில் கேட்டா. சமாதானமாக வளர்வதற்கும் யாரோ ஒருவர் ஒதுங்கி இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. விளையாட்டில் அந்த ஆளுக்கு உருவம் இல்லை.

எங்கள் ஊரில் அந்த ஆள் சில நேரம் யானை. கஜுத் தோட்டம் போட்ட இடமும் வீடு கட்டிய இடமும் அது நடந்து போன வழி. இப்போது மின்வேலியும் வெடியும்தான் எல்லை. சில நேரம் அந்த ஆள் நாங்களே. மீதொட்டமுல்லைக் குப்பை மேடு 2017 ஏப்ரலில் சரிந்து 32 பேர் இறந்த பின், கொழும்பின் குப்பையைக் கொட்ட எங்கள் பிரிவிலிருக்கிற அருவக்காட்டைத்தான் அதிகாரிகள் கண்டார்கள். வரைபடத்தில் அது சும்மா கிடக்கிற இடமாகத் தெரிந்திருக்கும். ஒரு சிப்பாயும் வரவில்லை. ஆனாலும் அடுத்த வருடம் புத்தளத்துச் சனம் நாட்கணக்கில் தெருவில் இருந்தது.

(ஊரின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். வெளியூர்ப் பிள்ளைகள் “வில்லு” என்றதும் அம்பும் வில்லும் என்று நினைப்பார்கள். இங்கே வில்லு என்றால் மழைநீர் தேங்கும் குளம். வில்பத்துவின் வில்லும் அதுதான்.)

ராத்தா இப்போது ஒரு விதி கொண்டுவந்திருக்கிறா. ஒருவருடைய எல்லைக்கு மூன்று கட்டத்துக்குள் இருக்கிற கிராமத்தை மற்றவர் எடுப்பதென்றால் முதலில் கேட்க வேண்டும். அவர் சம்மதித்தால் இருவரும் தூதரகம் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் இருவருக்கும் நட்சத்திரம் வரும். தம்பி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னர், ஆட்டம் இருக்கிற மூன்று நாளில் ஒருநாள் தன்னுடைய தலைநகர்ச் சண்டையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான். இந்த விதி போனில் எழுதப்பட்டதல்ல. மீறினால் தடுக்கவும் முடியாது. இதுவரை ஒருவரும் மீறவில்லை, நோன்புப் பெருநாள் விடுமுறையில் ஒரு தடவையைத் தவிர. அது யார் என்று இங்கே எழுதமாட்டேன், அவனும் இதை வாசிப்பான்.

உம்மும்மா இப்போதும் வந்து உட்காருவா. ஒரு கிராமம் மேகத்திலிருந்து வெளிவந்தால் அவ கேட்பது ஒன்றுதான்: “கிணறு இருக்கா பாரு.”