ஐந்தரை மணி நேரம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் பெரியப்பாவுக்கு ஒரு எடைமேடை இருக்கிறது. சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகள்தான் முக்கால்வாசி. சீசனில் மக்காச்சோளம், சின்ன வெங்காயம். கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருந்த 2012இல், அங்கே பில் போட சி ஷார்ப்பில் ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். கூலி, ஒரு பிரியாணி.

2020 ஜனவரியில் விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. கொரோனாவில் ஊருக்கு வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். "லினக்ஸுக்கு மாத்திடறேன் பெரியப்பா, காசே கிடையாது" என்றேன். சி ஷார்ப் என்றாலே விண்டோஸ் என்று படித்த ஆள் நான். லினக்ஸில் அதை ஓட்ட மோனோ 2004இலேயே வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டே 2016இல் டாட்நெட் கோர் கொண்டுவந்தது. எனக்குத்தான் லேட்.

பழைய பெட்டியிலேயே உபுண்டு சர்வர் 20.04 போட்டேன். பழைய வின்ஃபார்ம்ஸ் திரை லினக்ஸில் டாட்நெட் கோரில் ஓடாது. பிரவுசரில் திறக்கிற மாதிரி மாற்றி எழுதினேன். அதைத் திறக்க, தங்கச்சிக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, ஒருநாளும் அவள் அதைத் தொட்டதில்லை. எடை வரும் கேபிளுக்கு விண்டோஸில் காம் 1 என்று பெயர். இங்கே வேறு பெயர், அதைத் தொட தனி அனுமதி. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து மாறினாலும் லினக்ஸுக்கு அது வேறு ஃபைல். "தமிழ்ல இந்தத் தொல்லையே இல்லையேடா" என்றார் பெரியப்பா. முதல் பில்லில் டிரைவர் பெயர் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள். சர்வரில் தமிழ் ஃபான்ட்டே இல்லை. போட்டேன், சரியாயிற்று. கரண்டு போய் வந்தாலும் நிரல் தானாக எழுந்துகொண்டது. பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு டிரைவரை வழியில் மறித்துவிட்டார்கள். காலை பத்தே முக்காலுக்கு எடை போட்ட லாரி. எங்கள் பில்லில் 5:15. நடைச்சீட்டில் இருந்த நேரத்துக்கும் இதற்கும் பொருந்தவில்லை. அரை நாள் வெயிலில் நின்றார். ஒரு நடை போச்சு.

இந்திய நேரத்துக்கு விண்டோஸ் வைத்த பெயர் 'இந்தியா ஸ்டாண்டர்டு டைம்'. லினக்ஸில் அது 'ஏசியா கொல்கத்தா'. அப்போதைய டாட்நெட்டுக்கு இரண்டும் ஒன்றென்று தெரியாது. 2021இல் வந்த டாட்நெட் 6தான் அதைச் சரிசெய்தது. ஆனால் பழியை அதன்மேல் போட முடியாது. பெயர் கிடைக்காதபோது நிரல் கத்தத்தான் செய்தது. பிழை வந்தால் சத்தமில்லாமல் உலக நேரத்தையே போட்டுக்கொள் என்று எழுதி வைத்தவன் நான். 2012இல், ஏதோ ஒரு அவசரத்தில்.

திருத்தம் ஒரே வரி. டிரைவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். "பரவால்ல தம்பி" என்றார், முகத்தைப் பார்க்காமல். அந்த நடைக்கான பணத்தைப் பெரியப்பா கொடுத்துவிட்டிருந்தார், என்னிடம் சொல்லாமலே.

இப்போதும் பில் வந்ததும் சுவர்க்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிழித்துக் கொடுக்கிறார்.