சாட்சிக் கையொப்பம்

ஆசிரியத் தொழிலுக்கு வகுப்பறைக்கு வெளியே ஒரு கிளைத்தொழில் உண்டு. மனு எழுதிக் கொடுத்தல், விண்ணப்பம் நிரப்புதல், வங்கியிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்லுதல் ஆகியன அதன்பாற்படும். வன்னிக் கிராமமொன்றிலே தமிழாசிரியராகப் பணிபுரியும் நாமும் இக்கிளைத்தொழிலைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகின்றோம். அதனால் ஊராரின் மதிப்பு எமக்குக் கிடைத்ததுண்டு. அம்மதிப்புக்கு நாம் தகுதியுடையோமா என்ற வினா 2022 ஆம் ஆண்டு வரை எம்முள்ளத்தில் எழுந்ததில்லை.

அவ்வாண்டு பெப்ரவரி மாதத்து மாலைப்பொழுதொன்றில், எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவனின் தந்தையாரும் அயலிலுள்ள கமக்காரர் நால்வரும் கடதாசிக் கட்டொன்றுடன் எம்மிடம் வந்தனர். கெர்க்கின் எனப்படும் சிறுவெள்ளரியை ஏற்றுமதிக் கம்பனியொன்றுக்குப் பயிரிட்டுக் கொடுப்பதற்கான ஒப்பந்தம் அது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோதும் பசளை உரிய காலத்தில் வந்து சேரவில்லை. பெரும்போக நெல்லில் கைநட்டப்பட்டு நின்ற அவர்களுக்கு, விதையும் பசளையும் கிருமிநாசினியும் கடனாகத் தந்து, விளைச்சலையும் முன்கூட்டியே குறித்த விலைக்கு வாங்குவதாகக் கம்பனி கூறியது பெரும் ஆறுதலாயிற்று.

“மாஸ்ரர், நீங்கள் வாசிச்சுப் பாத்துச் சரியெண்டு சொன்னால் நாங்கள் ஒப்பம் வைக்கிறம்” என்றார் மாணவனின் தந்தையார்.

ஆங்கிலத்தில் நான்கு பக்கங்களும், அவற்றின் சுருக்கமெனத் தமிழில் ஒரு பக்கமும் அக்கட்டில் இருந்தன. தமிழ்ப் பக்கத்தை நாம் உரத்து வாசித்தோம். எத்தரத்துக்கு என்ன விலை என்பது அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலப் பக்கங்களைப் புரட்டினோம். வாசித்தோம் எனக் கூறுவதற்கில்லை. விலை நல்ல விலையாகவே தோன்றியது. ஐவரும் ஒப்பமிட்டனர். சாட்சி என்றிருந்த இடத்தில் நாம் ஒப்பமிட்டோம்.

இங்கு அப்பயிரின் இயல்பைச் சற்று விளக்குதல் வேண்டும். கெர்க்கின் ஊறுகாய்க்குரிய பிஞ்சு. பிஞ்சு எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு விலை அதிகம். இன்று மாலை முதலாந் தரமாயிருக்கும் பிஞ்சு, கொடியில் விட்டால் நாளைக் காலை இரண்டாந் தரமாகும். அடுத்த நாள் எவருக்கும் வேண்டாததாகும். எனவே அதனை நாள்தோறும் பறித்தல் வேண்டும். பறித்ததை நாள்தோறும் ஏற்றுதல் வேண்டும். இன்னொரு செய்தி இதனினும் முக்கியமானது. மிளகாயையோ வெங்காயத்தையோ ஒருவன் வாங்க மறுத்தால் தம்புள்ளைச் சந்தைக்குக் கொண்டு செல்லலாம். கெர்க்கினுக்கு உள்ளூரிலே சந்தை இல்லை. வாங்குபவன் ஒருவனே, அவன் கதவை மூடினால் வேறு கதவு கிடையாது.

மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த மாற்று விகிதம், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஏப்ரல் இறுதியில் கம்பனியின் பசளையும் கிருமிநாசினியும் ஊருக்கு வந்தபோது, அவற்றின் விலை பெப்ரவரியிற் கூறப்பட்ட விலையன்று; வழங்கப்பட்ட நாளின் விலை. அவ்வாறே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருப்பதாக வெளிக்கள உத்தியோகத்தர் கூறினார். கமக்காரரின் பிஞ்சுக்குரிய விலையோ பெப்ரவரியில் எழுதப்பட்ட அதே ரூபாக் கணக்கிலேயே நின்றது. கம்பனி தன் பொருளை அந்நிய நாட்டுக்கு டொலருக்கு விற்றது. டொலரின் ஏற்றத்தால் அதன் கைக்கு வந்த ரூபா பெருகிற்று. கமக்காரரின் கைக்கு வரவேண்டிய ரூபா பெருகவில்லை. அவர்தம் கடனே பெருகிற்று.

மே முதல் வாரத்தில் விதை ஊன்றப்பட்டது. ஜூன் நடுப்பகுதியில் பறிப்புத் தொடங்கிற்று. அப்போது நாடு எரிபொருளின்றித் தவித்தது. ஜூன் 27 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படுமென அரசாங்கம் அறிவித்தது. பாடசாலைகளும் மூடப்பட்டன. வீட்டிலிருந்த நாம், மண்ணெண்ணெய் வரிசையில் இரவிரவாக நின்று, நீரிறைக்கும் யந்திரத்தை இயக்கி, விடியுமுன் பெண்களும் பிள்ளைகளுமாகப் பிஞ்சு பறித்தவர்களைக் கண்ணாரக் கண்டோம். கம்பனியின் லொறி ஒருநாள் வந்தது, இருநாள் வரவில்லை. தேங்கிய பிஞ்சு முதிர்ந்து தரமிழந்தது. வந்த லொறியில் ஏற்றியதற்கும் அங்கே தரம் பிரிக்கப்படவில்லை. தொழிற்சாலையிலே பிரிக்கப்பட்டு, எவ்வளவு கழிக்கப்பட்டது என்ற சிட்டை மூன்று நாட்களின் பின் வந்தது. ஏற்றப்படாது நின்ற மூடைகளை மாடுகளுக்கு அவிழ்த்துக் கொட்டினர். போகம் முடிந்தபோது வந்த கடைசிச் சிட்டையில் வரவு எனும் இடம் வெறுமையாயிருந்தது. அடுத்த போகத்துக்குக் கொண்டுசெல்லும் கடன் மட்டும் குறிக்கப்பட்டிருந்தது.

அச்சிட்டையைக் கண்ட இரவில்தான், அகராதியொன்றைத் துணைக்கொண்டு, நாம் அந்நான்கு ஆங்கிலப் பக்கங்களையும் முதன்முறையாக முழுமையாக வாசித்தோம். கொடுக்கும் பொருள்களின் விலை வழங்கும் நாளின் விலை. தரத்தைப் பற்றிக் கம்பனியின் முடிவே இறுதியானது. மனித சக்திக்கு அப்பாற்பட்ட காரணங்களாற் கம்பனி பொருளை ஏற்கத் தவறினால் அதற்குக் கடப்பாடில்லை. ஆனால் எக்காரணத்தாலும் கமக்காரனின் கடன் நீங்காது. பிணக்கு எழுந்தால் கொழும்பிலே தீர்க்கப்படும். தமிழ்ச் சுருக்கத்துக்கும் ஆங்கில மூலத்துக்கும் வேறுபாடு காணப்பட்டால் ஆங்கிலமே செல்லும். சாட்சி என்பவன் கண்டவன். நாமோ காணாத ஒன்றுக்குச் சாட்சியிட்டிருந்தோம்.

ஒப்பு என்பது சமம். ஒப்புதல் என்பது இசைவு. ஒப்பம் என்பது கையெழுத்து. இம்மூன்றும் ஓரினச் சொற்கள் என மாணவருக்குக் கற்பிக்கின்றோம். முதலாவது இல்லாதபோது இரண்டாவதும் மூன்றாவதும் எவ்வளவு எளிதிற் பெறப்படுகின்றன என்பதை அவ்விரவு எமக்குக் கற்பித்தது.

நியாயமாகப் பேசுவோமாயின், ஒப்பந்தக் கமம் தன்னளவிலே தீமையானதன்று. முதலில்லாத கமக்காரனுக்கு அது முதல் தருகின்றது; அறுவடைக் காலத்து விலை வீழ்ச்சியிலிருந்து அவனைக் காக்கவும் கூடும். கம்பனிக்கும் அச்சங்கள் உண்டு. பசளையைக் கடனாகப் பெற்றவன் விளைச்சலை வெளியாளுக்கு விற்றுவிடக்கூடும் என்பது அவற்றுள் ஒன்று. ஆயின் கெர்க்கினில் அவ்வச்சத்துக்கு இடமில்லை. அதனை வாங்கும் வெளியாள் எவனுமில்லை. ஒப்பந்தமொன்றின் இயல்பை அறிய விரும்புவோர் விலையை மட்டும் நோக்குதல் போதாது. மழை பொய்த்தால் இழப்பு யாருடையது? நாணயம் வீழ்ந்தால் யாருடையது? லொறி வராவிட்டால் யாருடையது? தராசு யார் கையில்? தரத்தை யார், எங்கே, யார் முன்னிலையிற் பிரிப்பது? இவ்வினாக்களின் விடைகளிலேதான் ஒப்பந்தம் இருக்கின்றது. விலையை முன்பக்கத்திலே நிலையாக எழுதிவிட்டு, அவ்விலை எத்தனை கிலோவுக்குக் கிடைக்கும் என்பதைத் தன் விருப்புக்கு விட்டுக்கொண்டால், வாங்குபவன் எதையும் உறுதியளித்தவனாகான்.

இவ்வேற்பாடு புதியதன்று. வங்காளத்து அவுரித் தோட்டத் துரைமார் கமக்காரனுக்கு முற்பணம் கொடுத்து, தாம் வைத்த விலைக்கே அவுரியைப் பெற்றனர். கட்டை அளப்பவனும் கணக்கை எழுதுபவனும் துரையின் ஆட்களே. ஒருமுறை வாங்கிய முற்பணம் தந்தையிடமிருந்து மகனுக்குக் கடனாக இறங்கிற்று. 1859 இல் அம்மக்கள் அவுரி விதைக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். 1860 இல் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு தீனபந்து மித்திரர் ‘நீல தர்ப்பணம்’ என்னும் நாடகத்தை வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜேம்ஸ் லோங் பாதிரியார் 1861 இல் ஒரு மாதச் சிறையும் 1000 ரூபா தண்டமும் பெற்றார். பீகாரின் சம்பாரணிலோ நிலத்தின் 20 பங்கில் 3 பங்கில் அவுரியே பயிரிட வேண்டுமென்ற நியதி நீடித்தது. 1917 இல் காந்தியடிகள் அங்கு சென்று கமக்காரரின் வாக்குமூலங்களைத் திரட்டிய பின்னரே, 1918 இற் சட்டத்தால் அது ஒழிந்தது. அங்கே அடியாட்களின் தடியும் இருந்தது. இங்கே அது இல்லை. வேறுபாடு பெரிதே. எனினும் முற்பணம், ஒருதலை அளவை, தீராக் கடன் என்னும் மூன்றும் இரு காலத்துக்கும் பொதுவாயுள்ளன.

பிணக்கைத் தீர்க்கும் இடம் எது என்பதும் சிறிய வினாவன்று. 2020 இல் இந்திய அரசு நிறைவேற்றிய வேளாண் சட்டங்களுள் ஒன்று ஒப்பந்தக் கமத்தைப் பற்றியது. அதன்கீழ் எழும் பிணக்குகள் குடியியல் நீதிமன்றங்களுக்குச் செல்லாது தடுக்கப்பட்டு, கோட்ட அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டன. ஓராண்டுக்கு மேலாக டில்லியின் எல்லைகளிலே அமர்ந்திருந்த கமக்காரர் எதிர்த்தவற்றுள் இதுவும் ஒன்று. 2021 நவம்பரில் அச்சட்டங்கள் மீளப்பெறப்பட்டன. நல்ல ஒப்பந்தம் எவ்வாறு அமையவேண்டும் என்பது அறிஞருக்குத் தெரியாத மறைபொருளுமன்று. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் வேறிரு சர்வதேச நிறுவனங்களும் சேர்ந்து 2015 இல் அதற்கெனச் சட்ட வழிகாட்டி நூலொன்றையே வெளியிட்டுள்ளன. நூல் இருக்கின்றது, அது எம்மூர்க் கமக்காரனின் கைக்கு வந்து சேரும் வழிதான் இல்லை.

2023 இல் வெளிக்கள உத்தியோகத்தர் புதிய ஒப்பந்தத்துடன் மீண்டும் வந்தார். இம்முறை ஐவரும் தனித்தனியே ஒப்பமிடாது, ஏனைய கமக்காரரையும் சேர்த்துக்கொண்டு பாடசாலை மண்டபத்தில் இரு மாலைகள் கூடினர். ஆங்கிலப் பக்கங்களை வரிக்கு வரி தமிழிற் கூறுவதே எமது பணி. முப்பதுகளிலே யாழ்ப்பாணத்துப் புகையிலைச் செய்கையாளர், மலையாளத்துக்குத் தம் புகையிலையை விற்பதற்கு ஐக்கிய விற்பனைச் சங்கம் அமைத்த வரலாற்றை முதியவர் ஒருவர் நினைவூட்டினார். ஐந்து கோரிக்கைகள் எழுதப்பட்டன: நிறுவை ஊரிலேயே நடந்து இரட்டைச் சிட்டை வழங்கப்படல், பசளை விலை ஒப்பந்தத்தில் எழுதப்படல், தரம் பிரிக்கையிற் கமக்காரர் பிரதிநிதி உடனிருத்தல், குறித்த நேரத்துக்கு லொறி வராவிடின் பறித்த வேளையின் தரத்துக்கே விலை கொடுத்தல், பிணக்குகளைக் கமநல சேவை நிலையத்தில் தமிழில் விசாரித்தல். கம்பனி முதலிரண்டையும் ஏற்றது. ஏனைய மூன்றையும் மறுத்தது. முந்திய ஆண்டு ஒப்பமிட்ட ஐவருள் மூவர் மீண்டும் ஒப்பமிட்டனர். பெற்றது சிறிதே, ஆயினும் அது அவர்கள் கூடி நின்றதனாற் பெற்றது.

மாணவனின் தந்தையார் ஒப்பமிடவில்லை. மனைவியின் காப்புகளை அடகு வைத்துக் கம்பனிக் கடனைத் தீர்த்துவிட்டு, அந்நிலத்திற் கச்சான் போட்டார். நாம் அவரிடம் சென்று எமது தவறைக் கூறினோம்.

“உங்களிலை மட்டும் பிழையில்லை மாஸ்ரர். எங்களுக்கும் வாசிக்கத் தெரியும். நாங்களும் விலையை மட்டுந்தான் பாத்தம்” என்றார் அவர்.

பெருந்தன்மையான சொற்கள். எனினும் அவை எம்மை விடுவிக்கவில்லை. அவர் வாசிக்கக்கூடிய மொழியில் அவ்வொப்பந்தம் எழுதப்பட்டிருக்கவில்லை. வாசித்துச் சொல்வதற்கென்றே அவர் எம்மிடம் வந்தார்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! எம்மைப் போன்றே நீங்களும் என்றாவதொருநாள் சாட்சியிட அழைக்கப்படுவீர்கள். கடைசிப் பக்கம் வரை வாசித்துச் சொல்லுங்கள். விளங்காத இடத்தில் விளங்கவில்லை எனக் கூறுங்கள். ஒருவருக்காக வாசிப்பதை விட ஊராரைக் கூட்டி வைத்து வாசியுங்கள். உயர்தர வகுப்பிலே அந்நான்கு பக்கங்களையும் நாம் இப்பொழுது ஆண்டுதோறும் ஒரு பாடவேளையில் மாணவருக்கு வாசித்துக் காட்டுகின்றோம். அது பாடத்திட்டத்தில் இல்லை. ஆயின் அவ்வகுப்பில் இருப்போருட் பலர் நாளை ஒப்பமிடப் போகின்றவர்கள்.