சுவரில் இரண்டு கோடுகள்

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஜிஎஸ்டி ரோட்டில் போனால் ‘மாடுலர் கிச்சன்’ பலகை கண்ணில் படாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் நிறத்தைக் கேட்பார்கள். அக்ரிலிக்கா லேமினேட்டா, எல் வடிவமா நேர் வடிவமா, பட்ஜெட் எவ்வளவு. சமைக்கப்போவது யார், அவர் எவ்வளவு உயரம், உங்கள் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று நான் ஏறி இறங்கிய மூன்று கடைகளிலும் யாரும் கேட்கவில்லை. மூன்று பேரும் அனுப்பிய முப்பரிமாணப் படங்கள் அழகாகவே இருந்தன. மூன்றிலும் ஜன்னலுக்கு வெளியே ஒரு மலை தெரிந்தது. எங்கள் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க்தான் தெரியும்.

வீடு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. ரயில்வேயில் இருந்த அப்பா 1998-இல் கட்டியது. தரைத்தளம் மட்டும்தான். அப்பா போனபிறகு அம்மா தனியாக இருக்கிறாள். 2021-இல் சமையலறையில் மணைப்பலகை மேல் நின்று சாம்பார் கிளறும்போது தவறி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. “இனிமே தனியா விட முடியாதுடா, பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்” என்றாள் அக்கா. அம்மா கட்டுப் போட்ட கையோடு ஒரே பதில் சொன்னாள்: “மேடைதானேடா உசரம்? அதை மாத்துங்க. என்னை ஏன் மாத்தறீங்க?”

நான் எழுதுவது சர்வர் பக்கத்து கோடு. மரவேலை தெரியாது. ஆனால் அம்மா அந்த வீட்டில் இருப்பதும் கிளம்புவதும் ஒரு மேடையின் உயரத்தில் வந்து நின்றதால், கற்றுக்கொண்டே ஆக வேண்டியிருந்தது.

முதலில் ஒரு அளவு நாடா. எங்கள் கிரானைட் மேடை தரையிலிருந்து 34 அங்குலம். அதன்மேல் அடுப்பு 4 அங்குலம், அதன்மேல் குக்கர் 8. ஆக குக்கரின் வாய் 46 அங்குலத்தில். அம்மா நாலடி பத்து. முழங்கையை மடக்கி நிற்கச் சொல்லிச் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன், முப்பத்தாறரை அங்குலம். ஒவ்வொரு முறை கிளறும்போதும் அவள் கையைத் தோள்வரைக்கும் தூக்கியிருக்கிறாள், இருபத்து மூன்று வருஷமாக. மணைப்பலகை அங்கே வந்த காரணம் அதுதான்.

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இந்திய உடல் அளவுகளைத் தொகுத்து தேபகுமார் சக்ரவர்த்தியின் நூலை 1997-இல் வெளியிட்டது. எங்கள் வீடு கட்டியதற்கு ஒரு வருஷம் முன்பே அளவுகள் அச்சில் இருந்திருக்கின்றன. ஆனால் கொத்தனார் எந்த வீட்டுக்கும் போடும் உயரத்தையே எங்களுக்கும் போட்டார்.

இன்று நாம் மாடுலர் என்று சொல்வதற்கு ஒரு மூதாதை உண்டு. 1926-இல் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், ஃபிராங்க்ஃபர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயில் உணவுப் பெட்டியின் குறுகிய சமையலறையை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, ஒரு பெண் அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே எத்தனை அடி நடக்கிறாள் என்று எண்ணினார். உட்கார்ந்து காய் நறுக்க ஒரு சுழல் நாற்காலியும் இருந்தது. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். வேலை செய்பவளிடமிருந்து தொடங்கிய வடிவம் அது. ஜிஎஸ்டி ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள் பெட்டிகள் மட்டும் மிஞ்சி, எண்ணிக்கை உதிர்ந்துவிட்டது.

நான் எண்ண ஆரம்பித்தேன். நறுக்கும் இடம் முழங்கைக்கு நாலிலிருந்து ஆறு அங்குலம் கீழே இருந்தால் தோள் தளரும். பாத்திரம் ஏறும் அடுப்புமேடை அதைவிடத் தாழ்வாக வேண்டும். தொட்டியில் கை அடிவரை போகும் என்பதால் அதன் விளிம்பு சற்று உயர வேண்டும். ஆக, அம்மாவுக்கு ஒரே மட்டத்தில் மேடை கிடையாது: நறுக்க 31, அடுப்புக்கு 27, தொட்டிக்கு 33. கணினியில் வரைந்ததை அம்மாவுக்குக் காட்டினால், “நல்லாருக்குடா” என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடுவாள். எனவே அட்டைப்பெட்டிகளையும் செங்கல்லையும் அடுக்கி அந்த மூன்று உயரங்களையும் ஹாலிலேயே உண்டாக்கினேன். வெறும் பாத்திரத்தில் கரண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இங்க உப்பு டப்பாவுக்கு இடம் எங்க?” என்றாள். வரைபடத்துக்குக் கிடைத்த முதல் உண்மையான விமர்சனம் அது.

முழங்கைக் கோட்டுக்கு ஆறரை அங்குலம் கீழே அதே சுவரில் இன்னொரு கோடு ஏற்கெனவே இருந்தது. அப்பா போட்டது. பக்கத்தில் அவர் கையெழுத்தில் 2-12-15. தண்ணீர் நின்ற மட்டம், 30 அங்குலம்.

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. மழை. ஆதனூர் பக்கமிருந்து வரும் அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. எங்கள் வீட்டில் தண்ணீர் வடிந்தபிறகுதான் அலமாரியின் சங்கதி தெரிந்தது. பார்ட்டிக்கிள் போர்டு ஊறிப் பருத்து, கதவுகள் சட்டத்துக்குள் இறுகிவிட்டன. உள்ளே அப்பாவின் பென்ஷன் காகிதங்கள், அவர்களுடைய கல்யாண ஆல்பம். கடப்பாரையால் உடைத்துத் திறந்தோம். ஆல்பத்தில் முகங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன.

“மெரைன் பிளை போட்டா தண்ணி ஒண்ணும் பண்ணாது சார்” என்றார்கள் கடைகளில். ஐஎஸ் 710 தரத்து மெரைன் பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். ஐஎஸ் 303-இன் பிடபிள்யூஆர் ரகத்துக்கு 8 மணி நேரம். வித்தியாசம் பெரியதுதான். ஆனால் அந்தச் சோதனை அடுக்குகளுக்கு நடுவேயுள்ள பசைக்கு. வெட்டிய ஓரம், திருகு ஏறிய துளை, மேலே ஒட்டிய லேமினேட், கீல் இவற்றுக்கு அது பதில் சொல்லாது. சாக்கடை கலந்த சேற்றை எந்தத் தரக் குறியீடும் கழுவித் தராது.

அந்த வெள்ளத்தில் ஒன்றும் ஆகாமல் நின்றது மேடைக்குக் கீழே 1998-இல் கொத்தனார் செருகிய கடப்பா கல் தட்டுகள். மூன்று கடைக்காரர்களும் முதல் வேலையாக உடைத்தெடுக்கச் சொன்னதும் அவற்றைத்தான். பழைய மோஸ்தராம்.

அப்பா போட்ட கோடு அதன்பிறகு எனக்கு விதியானது. 30 அங்குலத்துக்குக் கீழே கல், டைல்ஸ், அலுமினியம் மட்டும். பிளைவுட் எல்லாம் கோட்டுக்கு மேலே. பிளக் பாயிண்ட் நாலடியில். ஃபிரிட்ஜுக்கு ஒரு அடி உயரக் கல்மேடை. பெட்டி வைத்த கட்டில் வேண்டாம். காகிதங்களுக்கு அம்மாவின் கை எட்டும் உயரத்தில் ஒரு அறை.

ஆசாரி அண்ணனிடம் மில்லிமீட்டரில் போட்ட வரைபடத்தைக் கொடுத்தேன். “இது எத்தனை நூல் தம்பி?” என்றார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ரம்பம் தின்னும் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. எட்டுக்கு நாலடிப் பலகையில் எந்தத் துண்டை எங்கே வெட்டினால் சேதாரம் குறையும் என்பது கணிதத்தில் பெயர்பெற்ற சிக்கல். சோவியத் ரஷ்யாவில் கான்டரோவிச் 1939-இல் அதைத் தொட்டார். ஐபிஎம்மில் கில்மோரும் கோமரியும் 1961-இல் பெரிய அளவில் தீர்க்க வழி சொன்னார்கள். நானும் ஒரு நிரல் எழுதி ஏழு பலகை என்று காட்டினேன். அண்ணன் பலகையைத் தடவிப் பார்த்து, “ரேகை குறுக்கே போவுதே, கதவு ரெண்டும் ஜோடி சேராது” என்றார். ரேகையின் திசையையும் நிபந்தனையாகச் சேர்த்து ஓட்டியதும் எட்டு வந்தது. அவர் எட்டுப் பலகைக்குத்தான் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

2022 கோடையில் வேலை முடிந்தது. மூன்று படியாக ஏறி இறங்கும் மேடையைப் பார்த்த சொந்தக்காரர்கள் லெவல் தவறிவிட்டதா என்று கேட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் ஒரு சாண் தண்ணீர் வந்தது. அம்மாவை முந்தின நாளே என் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். வடிந்தபின் போய் ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவினோம். மறுநாளே அடுப்பு எரிந்தது. இதனால் அடையாற்றுக்கு வழி கிடைத்துவிடவில்லை. ஏரிகளின் உபரிநீர் எங்கள் தெருவைத் தேடி வருவதை ஆசாரியும் நானும் நிறுத்த முடியாது. ஒரு வீட்டுக்குள் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

இந்த வடிவத்துக்கு ஒரு விலை உண்டு. நான் ஐந்தடி பத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்காக நான் சமைக்கும்போது 27 அங்குல அடுப்புமேடை என் இடுப்பை ஒடிக்கிறது. யாரோ ஒருவர் அளவுக்கு இழைத்தால் இன்னொருவர் குனிந்துதான் ஆக வேண்டும். வருங்காலத்தில் இந்த வீட்டை விற்க நேர்ந்தால் வாங்குபவர் முதலில் இந்த மேடையைத்தான் உடைப்பார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, நிமிராமல், “வாரத்துல ஒரு நாள்தானேடா, குனி” என்றாள்.