முஸ்தலிபாவுக்கு ஒரு பாய்

ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் இஹ்ராம் துணியைப் பற்றியும் துஆக்களைப் பற்றியும் என்னிடம் கேட்பதுண்டு. பாயைப் பற்றி எவரும் கேட்பதில்லை. 2019ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குச் சென்றபோது நானும் எவரிடமும் கேட்கவில்லை. அப்பொழுது என் எடை 112 கிலோ.

துல்ஹஜ் 9ஆம் நாள் சூரியன் மறைந்தபின் அரபாத்திலிருந்து புறப்பட்டு, முஸ்தலிபாவில் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதுவிட்டு, லட்சக்கணக்கானோர் வானத்தின் கீழ் படுக்கின்றனர். கூடாரமில்லை, கட்டிலில்லை. எங்கள் குழுவினர் மக்காவிலேயே மெல்லிய பிளாஸ்டிக் பாய்களை வாங்கினர். "உங்களுக்குக் கொஞ்சம் தடிமனாகப் பார்க்கலாமே ஹஜ்ரத்" என்றார் ஓர் இளைஞர். பெருமானார் (ஸல்) அவர்களின் திருமேனியில் பாயின் தழும்பைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் அழுத வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தேன். பற்றின்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது வெட்கம். என் பருமனுக்கென்று தனியாக ஒன்று கேட்க நாக்கு எழவில்லை.

சுன்னத்தான முறையில் வலப்புறம் சாய்ந்து படுத்தேன். ஒருக்களித்துப் படுக்கையில் உடலின் பாரமெல்லாம் தோளிலும் இடுப்பு எலும்பிலும் இறங்கிவிடுகிறது. சரளைக்கல் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. மறுநாள் ஜம்ராவுக்கு நடக்கையில் வலக்கால் மரத்துப்போயிற்று. அந்த இளைஞரின் தோளைப் பிடித்தபடியே ஏழு கற்களையும் எறிந்தேன்.

2025இல் என் ராத்தா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். அவர்களுக்கும் என் உடல்வாகுதான்; கூடவே முழங்கால் வலி. எடை என்ன என்று கேட்டதும் முகம் வாடிவிட்டது. "எல்லாரும் படுக்கிற பாயிலே நானும் படுத்துக்கிறேன் தம்பி" என்றார்கள். அன்னை ஸவ்தா (ரலி) அவர்களின் செய்தியை அப்போதுதான் சொன்னேன். கனத்த உடலும் மெதுவான நடையும் கொண்ட அவர்கள், கூட்ட நெரிசலுக்கு முன்பே முஸ்தலிபாவிலிருந்து செல்லப் பெருமானாரிடம் அனுமதி கேட்டார்கள், பெற்றார்கள். தாமும் அவ்வாறே கேட்டிருக்கலாமே என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பின்னாளில் எண்ணினார்கள். ஆண்டுதோறும் பாடம் நடத்தும் ஹதீஸ் இது. எனக்கென்று அதை ஒருநாளும் நான் படித்ததில்லை.

மலையேறுவோருக்கான பொருள்களை விற்கும் கடைக்குச் சென்றோம். ஃபோம் பாயைக் கல் குத்தினாலும் கவலையில்லை. ஆனால் கனத்த இடுப்பின் கீழ் அது அப்பளமாகிவிடுகிறது. ஃபோமும் காற்றும் சேர்ந்த வகை இதமாக இருந்தது, தூக்கிச் செல்லத்தான் கனம். எஞ்சியது காற்றடைக்கும் பாய். அதிலும் வழக்கமான அகலம் சுமார் 51 சென்டிமீட்டர். படுத்தால் கைகள் தரையில் கிடக்கும். 64 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ளதைக் கேட்டு வாங்கினோம். ஓரங்கள் சற்று உயர்ந்திருந்ததால் உருண்டு விழும் அச்சமில்லை. எவ்வளவு எடை தாங்கும் என்று அதன் உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். ராத்தாவிடம் நான் கேட்கவேண்டிய தேவையும் நீங்கிற்று. அவர்களே வாசித்துப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

வீட்டு மொசைக் தரையில் விரித்துச் சோதித்தோம். முதலில் பந்துபோல் காற்றை நிரப்பிவிட்டேன். ராத்தா ஏறியதும் ஆடிற்று. பிறகு அவர்கள் ஒருக்களித்துப் படுத்திருக்கவே, வால்வைத் திறந்து சிறிது சிறிதாகக் காற்றை விட்டேன். இடுப்பு ஓரளவு அமிழ்ந்தது, தரையைத் தொடவில்லை. அவர்களுடைய மகள் இடுப்புக்கு அடியில் கையை நுழைத்துப் பார்த்து, "இடம் இருக்கு மாமா" என்றாள். அதுதான் அளவு. வாயால் ஊதினால் மூச்சு வாங்கும் என்பதால் காற்று நிரப்பும் பையையும், ஓட்டை விழுந்தால் ஒட்டுவதற்கான துண்டுகளையும் உடன் வைத்தோம். என் பழைய பிளாஸ்டிக் பாயையும் கொடுத்தேன், கல் குத்தாமல் அடியில் விரிக்க. தனியாக அதற்குப் பயனில்லை என்பதை என் இடுப்பு அறியும். ஒன்று மட்டும் மறந்துவிட்டோம்: மேலே விரிக்க ஒரு பருத்தித் துப்பட்டி. அது இல்லாமல் வழுக்கியதாம்.

பெண்களும் பலவீனர்களும் முன்னரே புறப்பட அனுமதி இருந்தும், ராத்தா ஃபஜ்ர் வரை தங்கினார்கள். ஊர் திரும்பியதும் என்னிடம் ஒரு குறை சொன்னார்கள்:

"முஸ்தலிபாவிலே வானத்தைப் பாருங்கன்னு சொல்லி அனுப்பினியே தம்பி, நான் எங்கே பார்த்தேன்? பாங்கு சொல்லித்தான் கண்ணே விழிச்சேன்."