விடை சரி, காரணம் என்ன?

நாளிதழ் வந்ததும் தலைப்புச் செய்தியைப் பார்ப்பவர்கள் உண்டு. ராசிபலனில் தொடங்குபவர்கள் உண்டு. கும்பகோணத்தில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற அரசு அலுவலர், 40 ஆண்டுகளாக ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரில்தான் நாளைத் தொடங்கினார். ஒரு கையில் டபரா காபி, மறு கையில் பென்சில். அந்த அரை மணி நேரம் வீட்டில் யாரும் அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. பால்காரர் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சிலிண்டர் தீர்ந்த சேதி எல்லாமே அதற்குப் பிறகுதான்.

"பேப்பருக்குப் பின்னாடி ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கார்னு டபரா காலியாகறதை வச்சுத்தான் எனக்குத் தெரியும்" என்பார் அவர் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அதில் வருத்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புதிர் ஆங்கிலத்தில். அவர் படித்தது தமிழ் வழியில், பத்தாம் வகுப்பு வரை. அந்தக் கட்டங்களுக்குள் அவருக்கு இடமில்லை.

நேராகக் கேட்காத கேள்வி

குறுக்கெழுத்தில் இரண்டு வகை உண்டு. "தமிழ்நாட்டின் தலைநகரம்" என்று நேராகக் கேட்டு, "சென்னை" என்று நிரப்பச் சொல்வது ஒரு வகை. பதில் தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் விட்டுவிடலாம். இன்னொரு வகையை ஆங்கிலத்தில் 'கிரிப்டிக்' என்பார்கள். அதில் குறிப்பு ஒன்றைச் சொல்வதுபோல் தோன்றும். கேட்பது வேறொன்றாக இருக்கும். பெரும்பாலும் குறிப்பின் ஒரு முனையில் விடையின் பொருள் இருக்கும். மீதியில், அந்த விடையை எழுத்து எழுத்தாக எப்படிச் செய்வது என்ற வழி ஒளிந்திருக்கும். ஆகவே இரண்டு வழியில் போனாலும் ஒரே சொல்லுக்குத்தான் வந்து சேர வேண்டும்.

குறுக்கெழுத்து பிறந்தது அமெரிக்காவில். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் அமைத்த புதிர்தான் முதல் குறுக்கெழுத்து என்பார்கள். அதற்குக் குறும்பு கற்றுக்கொடுத்தது இங்கிலாந்து. 1926 முதல் 'அப்சர்வர்' இதழில் புதிர் போட்ட எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ், தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'டோர்க்கமாடா'. ஸ்பெயினில் சித்திரவதைக்குப் பேர்போன மத விசாரணைத் தலைவரின் பெயர் அது! வாசகர்களைப் பாடாய்ப் படுத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. செங்கல்பட்டில் பிறந்து, இந்தியக் கடற்படைக்குத் தலைமை வகித்த முதல் இந்தியரான ராம் தாஸ் கட்டாரி, ஓய்வுக்குப் பிறகு 'தி இந்து' நாளிதழுக்குக் குறுக்கெழுத்து அமைத்தவர்.

கும்பகோணத்துக்காரருக்கு இவையெல்லாம் தெரியும். எப்படித் தெரியும், எதில் ரசனை என்று வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

கண்ணாடி வரும்வரை

மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் புதுக் கண்ணாடி போட ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை சின்ன எழுத்தைப் படிக்க முடியாது. வாரம் தவறாமல் தொடர்கதை படிக்கும் அவருக்குப் பொழுது போகவில்லை. மகன் ஹைதராபாதில், மகள் புனேயில். டி.வி. பார்த்தால் கண் கூசியது.

மகள்தான் ஒரு யோசனை சொன்னாள். ஆங்கிலத்தில் வருவதுபோலத் தமிழிலும் இந்த வகைப் புதிர்கள் வருகின்றன. அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'தென்றல்' மாத இதழில் வந்திருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, "அப்பா, நீங்க சத்தமாப் படிங்க. அம்மா கேட்கட்டும்" என்றாள்.

அவர் அரை மனதோடுதான் தொடங்கினார். முதல் குறிப்பு இது:

"ஞாயிறு போனதும் வரும் நிலா (4)."

அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. தமிழில் உயிர்மெய்யும் ஓரெழுத்து, புள்ளி வைத்த எழுத்தும் ஓரெழுத்து. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தபோதே, படுத்திருந்த மனைவி சொன்னார்:

"திங்கள்."

"எப்படி?"

"ஞாயிறு போனா திங்கள் கிழமை. சூரியன் போனா நிலா. ஞாயிறுன்னா சூரியன், திங்கள்னா நிலா. ரெண்டு பக்கமும் சரியா இருக்கே!"

தி, ங், க, ள். நான்கு எழுத்து. அவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

அடுத்தது: "அங்கு திரைக்குள் ஒளிந்திருக்கும் விலங்கு (3)."

இதை அவர் உடனே பிடித்துவிட்டார். நாற்பது ஆண்டு அனுபவம் அல்லவா? "குதிரை" என்றார். சொல்லிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போனார்.

"இருங்க, இருங்க. ஏன் குதிரை? புலியா இருக்கக் கூடாதா? புலி ரெண்டெழுத்து, சரி. முயல்? அது மூணுதானே?"

அவர் நின்று விளக்க வேண்டியதாயிற்று. "'உள்ளே ஒளிந்திருக்கும்'னா, விடை இந்தக் குறிப்புக்குள்ளேயே இருக்குன்னு அர்த்தம். 'அங்கு திரை'ங்கிறதைச் சேர்த்துப் படி. அங்குதிரை. முதல் ரெண்டு எழுத்தை விட்டுட்டுப் பாரு."

"கு... தி... ரை! அட, கண்ணு முன்னாடியே நிக்குதே!" மனைவி கைதட்டிவிட்டார். கண்ணில் கட்டுக்குப் பதிலாகப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடி நழுவியது.

பென்சிலும் பேனாவும்

ஒரு வாரத்திலேயே அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. போட்டது மனைவிதான். கட்டங்களைத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். விடை தெரிந்தால் பென்சிலில் எழுதலாம். ஏன் அதுதான் விடை என்று விளக்கிய பிறகே அதன்மேல் பேனாவால் எழுத வேண்டும்.

கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. அவருக்கு அது பெரிய மாற்றம். இத்தனை ஆண்டுகளாக அவர் செய்தது வேறு. குறுக்கே வரும் எழுத்துகளை வைத்து, பொருளும் பொருந்தினால் போதும், நிரப்பிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். மறுநாள் வெளியாகும் விடையோடு ஒத்துப்போனால் வெற்றி. வழி என்னவென்று யாரும் கேட்டதில்லை. அதனால் சொல்லவும் தேவைப்படவில்லை. இப்போது பக்கத்தில் இருந்து ஒருவர் "எப்படி வந்துச்சு?" என்று கேட்கும்போதுதான், சில விடைகள் தன் கைக்கு முழுதாக வரவில்லை என்பது அவருக்குப் புரிந்தது.

ஒருநாள் இருவருமே திணறினார்கள்.

"தருமம் நிலைகுலைந்த வயல்வெளி (4)."

அவர் மகாபாரதத்துக்குப் போய்விட்டார். குருக்ஷேத்திரம் நான்கெழுத்தில் அடங்குமா என்று எண்ணிப் பார்த்தார். மனைவிக்குச் சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். வயல் நடுவே வளர்ந்தவர். "வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தாங்களே, அதுவா?" என்றார். நான்கு எழுத்து. பென்சிலில் எழுதியாயிற்று. காரணம்?

அவர்தான் கண்டுபிடித்தார். 'நிலைகுலைந்த' என்றால் எழுத்துகளைக் கலைத்துப் போடு என்று பொருள். தருமம்: த, ரு, ம, ம். மருதம்: ம, ரு, த, ம். அதே நான்கு எழுத்துகள், இடம்தான் மாறியிருக்கின்றன. பொருளைக் கொண்டுவந்தவர் அவர் மனைவி, வழியைக் காட்டியவர் அவர். அன்று பேனாவை மனைவியின் கையில் கொடுத்து எழுதச் சொன்னார். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

இப்படித்தான் ஆங்கிலப் புதிரையும் மனைவிக்கு விளக்கத் தொடங்கினார். 'லிசன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் காதுகொடுத்துக் கேள் என்று பொருள். அதன் ஆறு எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'சைலன்ட்' வரும். அதற்குப் பேசாமல் இருப்பது என்று பொருள். ஆங்கிலப் புதிர்க்காரர்களுக்கு மிகவும் பழகிய விளையாட்டு இது.

மனைவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டுக்கும் எழுத்து ஒண்ணுதானா? நீங்க இத்தனை வருஷம் ரெண்டாவதை மட்டும் வச்சுக்கிட்டு முதலாவதை விட்டுட்டீங்க."

கட்டத்துக்கு வெளியே

புதுக் கண்ணாடி வந்தது. இனி மனைவியே படித்துக்கொள்ளலாம். ஆனாலும் சத்தமாகப் படிப்பது நிற்கவில்லை.

ஒரு மாலை, அன்றைய கட்டங்கள் எல்லாம் பேனாவில் நிறைந்த பிறகு, மனைவி திடீரென்று கேட்டார்:

"ஏங்க, 1994-ல வேலூருக்குப் பிரமோஷன்ல போகச் சொன்னாங்களே, அதை ஏன் வேண்டாம்னீங்க?"

அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. அந்த ஆண்டு பதவி உயர்வோடு மாற்றல் வந்தது உண்மை. "வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்" என்று ஒரே வரியில் வீட்டில் சொன்னதும் உண்மை. அதன்பின் அடுத்த வாய்ப்பு வரப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் மகளின் கல்லூரிச் செலவுக்காக மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போய்வந்தன. ஊரை விட்டுப் போக மனமில்லாத மனிதர், பொறுப்பு ஏற்கப் பயந்த மனிதர் என்று மனைவி தனக்குத் தானே ஒரு விடையை எழுதிக்கொண்டார். அதையே ஏறக்குறைய 30 ஆண்டுகள் நம்பிக்கொண்டும் இருந்தார்.

"அப்போ உங்க அம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க இல்ல? இங்கேருந்து பஸ் ஏறினா, பார்த்துட்டு ராத்திரிக்குள்ள வந்துடுவே. வேலூர் போனா அது முடியுமா?"

"இதை ஏன் அப்பவே சொல்லலை?"

"சொல்லியிருந்தா, 'எங்க அம்மாவுக்காகவா உங்க பிரமோஷன் போகணும்'னு நீ கிளம்பச் சொல்லியிருப்பே."

மனைவி வெகுநேரம் பேசவில்லை. அந்த இரண்டு ஆண்டுகள் வாரத்துக்கு ஒருமுறையாவது மன்னார்குடி பஸ்ஸில் போய்வந்தது நினைவுக்கு வந்திருக்கும். அம்மாவின் கடைசி நாளிலும் அவர் பக்கத்தில் இருந்தார். ஆனால் அவருக்குக் கோபமும் வந்தது. அது நியாயமான கோபம். "நல்லது செஞ்சீங்க, சரி. ஆனா காரணத்தை என்கிட்ட சொல்லாம, உங்களைத் தப்பா நினைக்க விட்டுட்டீங்களே. என்னை 30 வருஷம் தப்பான விடையோட உட்கார வச்சது சரியா?"

அவர் சரி என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. குடும்பத்துக்காக எதையோ விட்டுக்கொடுத்துவிட்டு, அதைச் சொல்லாமல் இருப்பதே பெருந்தன்மை என்று நினைக்கும் தலைமுறை அவருடையது. சொல்லாத காரணத்தின் இடத்தில் வேறொரு காரணம் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

அதன்பிறகு இருவருக்கும் இடையே பழைய கணக்குகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. எல்லாமே இனிப்பான விடைகள் அல்ல. மனைவிக்குப் பிடிக்காத காரணங்களும் உண்டு. அவருக்குத் தெரியாமல் மனைவி செய்தவையும் உண்டு. சில நாள் காபி ஆறிப் போகிறது. ஆனால் "எப்படி?", "ஏன்?" என்ற கேள்விகளுக்கு அந்த வீட்டில் இப்போது தடையில்லை.

மனைவி போட்ட புதிர்

இப்போதெல்லாம் மனைவியே குறிப்புகள் எழுதிப் பார்க்கிறார். மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்கள் அதற்காகவே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவர் முதலில் எழுதியது இது:

"தலை போகிற கவலையில் மீனவர் வீசுவது (2)."

'கவலை'யின் தலை, அதாவது முதல் எழுத்து போய்விட்டால் 'வலை'. மீனவர் வீசுவது. கணவர் படித்துவிட்டு, இத்தனை ஆண்டுகளில் எந்தப் புதிருக்கும் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார்: "பிரமாதம்."

அதே சொல்லின் நடு எழுத்தை எடுத்தால் 'கலை' வரும் என்று மனைவி அடுத்ததற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார். கவலையை இப்படி வெட்டி வெட்டி விளையாடலாம் என்று தெரியாமல் போயிற்றே என்று சிரிக்கிறார்.

நோட்டில் உள்ள இன்னொரு குறிப்பு இதோ, உங்களுக்காக:

"நடக்க ஒன்று, பேச ஒன்று, சேர்த்தால் வயலுக்கு நீர் (4)."

விடையை இங்கே சொல்லப் போவதில்லை. இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். சட்டென்று சொல்லிவிட்டால், முதலில் பென்சிலில் எழுதுங்கள். "எப்படி வந்துச்சு?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள். பேனாவை அதற்குப் பிறகு எடுக்கலாம்.