பிடியரிசி

சில மாதங்களாக மனத்தில் கிடந்து உறுத்தும் ஒன்றை நண்பர்களின் பார்வைக்கு வைக்கிறேன். சமய விவாதம் கிளப்பும் நோக்கம் எனக்கு இல்லை. இது என்னோடு நானே நடத்திக்கொண்ட வழக்கு.

என் அம்மா உலையில் இடுவதற்கென்று அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுக்களை மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போடுவார். திருநெல்வேலிச் சீமைக் கிறித்தவ வீடுகளில் இதற்குப் பிடியரிசிக் காணிக்கை என்று பெயர். மாதந்தோறும் அந்த அரிசி கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். பணம் சபைக் கணக்கில் சேரும். ரேஷன் அரிசியும் தட்டுப்பட்ட நாட்களில்கூட அந்தப் பிடி தவறியதில்லை. "சமைச்சு மிஞ்சுனா கொடுக்கலாமே" என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். "மிஞ்சுனதக் கொடுக்கதுக்குப் பேரு காணிக்கையால?" என்றார்.

நானோ பிறந்ததால் கிறித்தவன். கைக்குழந்தையாய் ஞானஸ்நானம் பெற்றேன். என் சார்பில் ஞானப்பெற்றோர் வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கை என் வாயாலேயே உறுதிசெய்யும் சடங்குதான் திடப்படுத்தல். பதினைந்து வயதில் வினாவிடையை மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். பேராயர் என் தலையில் கை வைத்து ஜெபித்தபோது புதுச்சட்டையின் கழுத்துப் பட்டை இறுக்கியது மட்டுமே இன்று நினைவிருக்கிறது.

பிற்காலத்தில் எங்கள் சபைத் தேர்தலில் இரு அணிகள் மோதிக்கொண்டன. வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. கோயில் வாசலில் காவலர் நிற்க ஆராதனை நடந்தது. அன்றோடு கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். "விசுவாசம் என் அந்தரங்கம், அதற்குச் சபை எதற்கு?" என்று சொல்லிவந்தேன். சொல்வதற்குக் கம்பீரமாகவும் இருந்தது. அம்மா மறுத்துப் பேசவில்லை. கலயம் மட்டும் மாதந்தோறும் போய்வந்தது.

ஒருநாள் வகுப்பில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்த அவர், முப்பது வயதளவில், 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். காப்பியம் நூலாக வெளிவந்தது 1894இல். அந்த முடிவோடு அவர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார் பாருங்கள் என்றேன். பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அவர் தேடி முடிவெடுத்தார். நீங்கள் எப்போது எடுத்தீர்கள்?" என்று கேட்டார். கேலி இல்லை, அறியவே கேட்டார். நான் சிரித்துவிட்டு அடுத்த படலத்துக்குப் போய்விட்டேன்.

அன்று மாலை கால்கள் என்னைப் பாளையங்கோட்டையில் குளோரிந்தா கட்டிய பழைய ஆலயத்துக்குக் கொண்டுபோயின. மக்கள் வழக்கில் அது பாப்பாத்தி அம்மாள் கோயில். தஞ்சையிலிருந்து வந்த மராத்தியப் பிராமணக் கைம்பெண் அவர். ஆங்கில அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்ததைக் காரணம் காட்டி, அவருக்கு ஞானஸ்நானம் தர மறுத்தார் சுவார்ட்ஸ் ஐயர். அந்த அதிகாரியின் மறைவுக்குப் பின் 1778இல்தான் அது கிடைத்தது. 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள், முதற்பெயர் அவருடையது. அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் அர்ப்பணிக்கப்பட்டது.

படியில் அமர்ந்து யோசித்தேன். மனம் கசந்து ஒதுங்க என்னைவிட அவருக்கு அதிகக் காரணம் இருந்தது. "என் விசுவாசம் என்னோடு" என்று அவரும் இருந்திருக்கலாம். அவரை வரவேற்க அங்கே ஆயத்தமாக ஒரு சபையும் காத்திருக்கவில்லை. அவர் தம்மைக் கொடுத்தார். அதனால் சபை உண்டாயிற்று. நானோ எனக்குத் தகுதியான சபை ஒன்று வரட்டும் என்று காத்திருந்தேன். அந்தரங்கம் என்று நான் பெயரிட்டிருந்தது விசுவாசத்தை அன்று, சோம்பலை. எனக்கு மட்டுமே தெரிந்த விசுவாசம் என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஒரு பிடி அரிசியைக்கூட.

சென்ற ஆண்டு அம்மா காலமானார். அடுக்களையை ஒழுங்குபடுத்தியபோது கலயத்தில் பாதியளவு அரிசி இருந்தது. அதை என்ன செய்வது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறன்று நானே எடுத்துச் சென்றேன். கோயில்பிள்ளை அளந்தார், இரண்டு படியும் கொஞ்சமும் இருந்தது. தேர்தலில் எதிரணியில் நின்றவர், பல ஆண்டுகளாக நான் முகம் கொடுத்துப் பேசாதவர், அதை ஏலம் எடுத்தார். "அக்கா கைப்பட்ட அரிசி" என்று மட்டும் சொன்னார். அன்று அவருக்கு இரண்டு இருக்கை தள்ளி முழங்காற்படியிட்டு நற்கருணை பெற்றேன்.

சபையின் சச்சரவுகள் தீர்ந்துவிடவில்லை. கணக்குக் கேட்க வேண்டிய இடத்தில் இப்போது கேட்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. வெளியே நின்று பழித்த காலத்தைவிட இது கடினமாக இருக்கிறது. அந்த மாணவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இன்ன நாளில் என்று காட்டத்தக்க முடிவு என்னிடம் இல்லை. ஒவ்வொரு காலையும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது. சில காலைகளில் மறந்தும்போகிறேன்.

கலயம் அதே மூலையில்தான் இருக்கிறது. இந்த மாதம் நான் போட்டது இன்னும் ஒரு படி தேறாது.