ஆச்சியின் கால்கள்

வயதானவர் ஒருவரோடு சேர்ந்து நடக்கும்போது, நாம் கேட்டதற்குப் பதில் சொல்ல அவர் நின்றுவிடுகிறாரா என்று என் கண் தானாகவே பார்க்கும். ஸ்வீடனில் முதியோர் தங்கும் இடத்தில் இதையே கவனித்து 1997இல் லான்செட் மருத்துவ இதழில் சின்னதாக ஒரு கட்டுரை எழுதினார்கள். நடந்துகொண்டே பேச முடியாமல் நின்று பேசியவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதத்துக்குள் எங்கேயாவது விழுந்திருந்தார்கள். நடப்பதற்கும் மூளை உழைக்கவேண்டும். அது தளரும்போது நடையையும் பேச்சையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள அதனால் முடிவதில்லை.

எங்கள் ஆச்சி நடந்துகொண்டே பேசுகிறவள். அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்து தாமிரபரணிப் படித்துறைக்குப் போகும்போது எதிரே வருகிற எல்லாரோடும் பேசுவாள், கால் மட்டும் நிற்காது. “ஏட்டி, வெயில் ஏறுமுன்ன வா” என்று பின்னால் பார்க்காமலே என்னை விரட்டுவாள். ஈரச் சேலையோடும் இடுப்பில் குடத்தோடும் அந்தப் படிகளில் ஏறி வருவாள். எழுபதைத் தாண்டியும் அப்படித்தான். பிறகு எப்போதோ நின்று நின்று பேசத் தொடங்கினாள். ஊர்க்கதையில் ருசி கூடிவிட்டது என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டோம். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டதும் அந்தச் சமயத்தில்தான்.

ஆற்றுக்குப் போகவேண்டாம் என்று சித்தப்பா வீட்டுக்குள்ளேயே குளியலறை கட்டினார். பளபளவென்று தரை ஓடு பதித்த குளியலறை. அத்தனை வருஷம் பாசி பிடித்த படிகளில் விழாதவள் அந்தத் தரையில் விழுந்தாள். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறாள், விளக்கைப் போடவில்லை. போய்ப் பார்த்தபோது வலது கால் இடதைவிடக் குட்டையாக, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகினால் கால் அப்படித்தான் கிடக்கும்.

விடிவதற்குள் தெருவே கூடிவிட்டது. புத்தூர்க் கட்டுப் போட்டால் சரியாகும் என்று ஒருவர். ஒத்தடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று இன்னொருவர். எல்லாரும் அன்பில் சொன்னதுதான். ஆனால் அந்தக் கழுத்து, கையெலும்பு மாதிரி இல்லை. பந்து போன்ற மேல்முனைக்கு ரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்தின் வழியாகவே போகிறது. எலும்பு விலகியதும் அந்தக் குழாய்கள் அறுந்துபோகின்றன. வெளியே எத்தனை இறுக்கிக் கட்டினாலும் உள்ளே ரத்தமில்லாத எலும்பு சேர்வது அரிது. அதனால்தான் வயதானவர்களுக்கு அந்தப் பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்தைப் பொருத்துகிறார்கள். எலும்பு வார்டுகளில் ‘ஆஸ்டின் மூர்’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அது அமெரிக்காவில் தென் கரோலினாவைச் சேர்ந்த ஒரு டாக்டரின் பெயர்; உலோகத்தில் இடுப்பு மூட்டு செய்து 1940இல் பொருத்தியவர்.

திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயத்தைப் பார்க்கவேண்டும், சர்க்கரை இறங்கவேண்டும், பெரியப்பா பம்பாயிலிருந்து வந்து கையெழுத்துப் போடவேண்டும். ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போனது. காலில் எடை கட்டி மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். மூத்திரத்துக்குக் குழாய், கையில் டிரிப்ஸ்.

இருட்டிய பிறகு ஆச்சி வேறொரு ஆளாகிவிடுவாள். “மாட்டக் கெட்டியாச்சா?” என்று கேட்பாள். மாடு விற்று எத்தனையோ வருஷம். செத்துப்போன தாத்தாவைத் திண்ணையில் உட்காரச் சொல்வாள். டிரிப்ஸ் குழாயைக் கொடி என்று நினைத்துப் பிடுங்குவாள். அவள் கைகளைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டினார்கள். பகலில் கூரையைப் பார்த்தபடி பேசாமல் கிடப்பாள். “பாட்டி இன்னிக்குச் சாதுவா இருக்காங்க” என்று நர்ஸ் சொல்வார். டாக்டர் வந்து நின்றபோது, “வயசு, மறதி நோய்” என்று முடித்துக்கொண்டார்.

மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஊர்ந்து வருவது. மூன்றே நாளில் வந்து, ராத்திரி ஏறிப் பகலில் இறங்குவதற்கு வேறு பெயர் உண்டு: டெலிரியம், சித்தக் குழப்பம். வலி, நீர் வற்றுவது, தூக்கமின்மை, மூத்திரத் தொற்று, சில மாத்திரைகள் எல்லாம் சேர்ந்து முதிய மூளையைக் கலக்கிவிடுகின்றன. ஏற்கெனவே மறதி தொட்டிருந்த மூளை சீக்கிரம் கலங்கும். சாதுவாகக் கிடப்பதும் இதன் ஒரு வடிவம்தான். யாருக்கும் தொந்தரவில்லை என்பதால் அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

இதில் என்னை இன்றைக்கும் ஆறவிடாத விஷயம், பெருமளவு தடுக்கமுடியும் என்பது. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2001இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வழக்கமான கவனிப்பில் பாதிப் பேருக்குக் குழப்பம் வந்தது. முதியோர் மருத்துவர் தினமும் வந்து பார்த்த பிரிவில் அது 32 சதவீதம். அவர் ஒன்றும் அதிசய மருந்து கொடுக்கவில்லை. வலியைக் குறைத்தார், நீரும் ஆக்ஸிஜனும் சரியா என்று பார்த்தார், தேவையில்லாத மாத்திரையை நிறுத்தினார், குழாயைச் சீக்கிரம் எடுக்கச் சொன்னார், எழுப்பி உட்காரவைக்கச் சொன்னார், கண்ணாடியும் காது மெஷினும் கையெட்டும் தூரத்தில் இருக்கச் சொன்னார். ஆச்சியின் கண்ணாடி அம்பாசமுத்திரத்தில் மாடக்குழியில் இருந்தது. பல்செட் ஒரு டம்ளரில்.

வலியைப் பற்றியும் சொல்லவேண்டும். வலிக்கிறதா என்று கேட்டால் ஆச்சி இல்லை என்றுதான் சொல்வாள், ஆனால் புரட்டிப்போட வருகிறவர்களின் கையைத் தள்ளிவிடுவாள். நியூயார்க்கில் பார்த்திருக்கிறார்கள்: அதே இடுப்பு முறிவுக்கு, மறதி முற்றியவர்களுக்குக் கிடைத்த வலிமருந்து மற்றவர்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான். வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவருக்கு வலி இல்லை என்று எண்ணுவது எவ்வளவு பெரிய கொடுமை.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் நாங்கள் அவளை அன்பாகப் படுக்கவைத்தோம். ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்த ஒவ்வொருவரும் “அசையாமப் படுங்க ஆச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நம் ஊரில் ஓய்வைத்தான் பெரிய உபசாரமாக நினைக்கிறோம். நோயில்லாத முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தபோது, கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டதாக 2007இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. ஆச்சி படுத்தது பத்து நாள் மட்டுமா?

அப்போது வீட்டுக்கு வந்து நடக்கவைக்கும் பிசியோ எங்கள் பக்கம் கிடையாது. டவுனில் விசாரித்தபோது, “மறதி உள்ளவங்களுக்கு எக்ஸர்சைஸ் சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம்?” என்றார்கள். பின்லாந்தில் செய்து 2000த்தில் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. லேசான, நடுத்தர மறதி உள்ளவர்களுக்கும் தீவிரப் பயிற்சி கொடுத்தபோது, அவர்களில் பலர் சொந்த வீட்டு வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். அவருக்கும் மறதி, அவரும் விழுந்தார். சேர்த்த மறுநாளே ஆபரேஷன், அதற்கு மறுநாள் வாக்கரில் நின்றார். தனக்கு ஆபரேஷன் நடந்ததே அவருக்கு ஞாபகமில்லை. “எதுக்கு இந்தக் கம்பி வண்டி?” என்று தினமும் கேட்பாராம், மகள் தினமும் பதில் சொல்வாளாம். ஆனால் அவர் தானே நடந்து கழிப்பறைக்குப் போனார், டீக்கடை பெஞ்சுக்கும் போனார். சொன்னது மறந்தாலும், தினமும் செய்யச் செய்யக் கால் பழகிக்கொள்கிறது.

ஆச்சியைச் சுமந்தது அத்தை. புருஷனை இழந்து தையல் மெஷினை நம்பி இருந்தவள். மெஷினின் மேல் டயப்பர் கட்டுகளும் பவுடரும் ஏறின. தைக்கக் கொடுத்த துணிகளைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டவேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண். ஆச்சி பெற்ற மகளையே யாரோ என்று நினைத்து நகத்தால் கீறுவாள். ஒரு ஆயாவை வைத்தோம், மாதம் முடிவதற்குள் போய்விட்டாள். அண்ணன்மார் பணம் அனுப்பினார்கள். அத்தையின் இடுப்பு வலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முறிந்தது ஒருத்தியின் எலும்பு, படுத்தது இரண்டு பெண்களின் வாழ்க்கை.

கால் உடைந்ததால்தான் மறதி வந்ததா என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்பார்கள். மறதி இருந்ததால் விழுந்திருக்கலாம்; விழுந்து, குழம்பி, படுத்ததால் மறதி தாவி ஏறியிருக்கலாம். சித்தக் குழப்பம் வந்துபோனவர்களுக்குப் பின்னால் மறதி நோயும் மரணமும் கூடுதலாக வருவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் சொன்னார்கள். இடுப்பு முறிந்தவர்களில் நான்கைந்து பேரில் ஒருவர் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோகிறார். பிழைத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பழையபடி நடப்பதில்லை. ஆச்சி அந்த வருஷத்தைத் தாண்டினாள். பிறகு நெஞ்சில் சளி கட்டிப் போனாள். சான்றிதழில் நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். குளியலறைத் தரையும் கட்டப்பட்ட கைகளும் அதில் இல்லை.

இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருகிறார். சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே 2024இல் ஆஸ்பத்திரி திறந்தார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து கிண்டி எத்தனை தூரம்! ஒவ்வொரு மாவட்ட ஆஸ்பத்திரியிலும் எலும்பு டாக்டர் பக்கத்திலேயே முதியோர் டாக்டர் ஒருவர் நிற்கும்வரை நான் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

சொந்தத்தில் யார் விழுந்தாலும் இப்போது அத்தைதான் முதலில் போய் நிற்கிறாள். போன மார்கழியில் அவளுடைய கொழுந்தனார் விழுந்தார். அவர் மகனைப் பழம் வாங்கவிடாமல், அப்பாவின் கண்ணாடியை எடுத்துவர வீட்டுக்கு விரட்டினாள். டாக்டரை வராந்தாவில் நிறுத்தி, “ஆபரேஷன் நாளைக்கே உண்டுமா? முடிஞ்ச மறுநாள் எந்திச்சு உக்கார வைப்பியளா? ராத்திரி பெனாத்துனா கையக் கெட்டக்கூடாது, என்னியக் கூப்பிடுங்க, நான் இங்கனதான் இருக்கேன்” என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். “எத்தனை மணிக்கு உக்கார வைப்பிய?” என்று அவள் திரும்பவும் கேட்டாள்.